மூன்றாவது கேள்வி வரை

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

இம்மாதம் ஆறாம் தேதி முற்பகல், பதினேழு நாள் ஆலோசனைக்குப் பிறகு, நம் வீட்டு முன்னறையில் இருக்கும் டிஷ்யூ பெட்டியை மேசையின் நடுவிலிருந்து வலது ஓரத்துக்கு ஒரு சாண் நகர்த்துவது என்று முடிவாகி, அன்றே நிறைவேற்றப்பட்டது. நகராட்சி மன்றத்தில் முப்பத்தொரு வருடம் தீர்மானம் எழுதியவன் நான். ஒரு பாலத்தையே இதைவிடக் குறைந்த யோசனையில் கட்டியிருக்கிறோம். அது பிறகு விழுந்தது வேறு விஷயம்.

அழுகிறவருக்கு நாமாக டிஷ்யூவை எடுத்து நீட்டினால், 'போதும், நிறுத்துங்க' என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமாம். கண்ணுக்கு நேரே வைத்தாலோ, 'எப்ப அழப் போறீங்க?' என்று கேட்ட மாதிரி. ஆகவே பெட்டி, கை நீட்டினால் எட்ட வேண்டும். தேடாதவர் கண்ணில் பட வேண்டாம். உன் அம்மா இதைச் சொன்னபோது நான் கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் சளி பிடித்த நாட்களில் எத்தனை அலட்சியமாக அதைக் கையாண்டிருக்கிறேன்!

அம்மா மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு, இந்த அறையில் தனியாக மனநல ஆலோசனை தொடங்கி அடுத்த மாதத்தோடு ஒரு வருடம். நான் வரவேற்பாளர். போனை எடுப்பது, நோட்டில் நேரம் குறிப்பது, மணி அடித்தால் கதவைத் திறப்பது, வந்தவர் முகத்தை உடனே மறந்துவிடுவது, இவை என் கடமைகள். கடைசியதுதான் கஷ்டம். எங்கள் மன்றத்தில் கதவை மூடிக்கொண்டு கூட்டம் நடத்தினால், கூட்டம் முடிவதற்குள் முடிவு டீக்கடைக்குப் போயிருக்கும். சில சமயம் டீக்கடையிலிருந்துதான் எங்களுக்கே வரும்.

போன மாதம் கடையில் சோப்பு வாங்கிக்கொண்டிருந்தோம். வாரா வாரம் வரும் ஒரு அம்மாள், தன் வீட்டுக்காரரோடு எதிரே வந்தார். நான் பல்லைக் காட்டுவதற்குள் அம்மா என் கையில் சோப்பைத் திணித்து, 'இதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க' என்றாள். படித்தேன். அவர்கள் கடந்துபோனார்கள். அவர்களாக வணக்கம் சொன்னால் ஒழிய நாம் சொல்லக் கூடாதாம். வீட்டுக்காரர் 'யாரு இவங்க?' என்று கேட்டால் அந்த அம்மாள் என்ன பதில் சொல்வார்? வெளியே வந்ததும், 'அவங்க நம்ம திங்கக்கிழமை நாலு மணிதானே?' என்றேன். 'எவங்க?' என்றாள் உன் அம்மா. அந்த முகத்தில் ஒரு கோடு கூட அசையவில்லை. முப்பத்தாறு வருடம் ஒன்றாக வாழ்ந்திருக்கிறோம். இவளுக்கு வேறு என்னென்ன தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்கு லேசாகப் பயம் வந்தது.

புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு பக்கம் எழுதினாள். தட்டச்சு செய்தது நான். இங்கே சொல்வது இங்கேயே இருக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், உங்களிடம் சொல்லிவிட்டு வெளியே சொல்வேன். எனக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். உறவினரையும் நண்பர்களையும் இந்த அறையில் பார்க்க மாட்டேன். இந்தக் கடைசி வரியின் முடிவில், பழக்க தோஷத்தில், 'தகுந்த சந்தர்ப்பங்கள் நீங்கலாக' என்று சேர்த்துவிட்டேன். அது இல்லாமல் ஒரு தீர்மானம் நிறைவேறி நான் பார்த்ததே இல்லை. அம்மா பேனாவை எடுத்து அதை அடித்தாள். 'அப்படி ஒரு சந்தர்ப்பமே கிடையாதுங்க' என்றாள்.

அதற்கு மறுவாரம்தான் நீ போன் செய்து, 'அம்மா, உன்கிட்ட வர்றவங்க பேசற மாதிரி நானும் பேசட்டுமா?' என்று கேட்டாய்.

அவள் சொன்னதை நீ கேட்டாய். 'அங்க உட்கார்ந்தா உன்னைப் பத்தி எனக்கு எந்த எண்ணமும் இருக்கக் கூடாதுடி. நீ பிறந்ததிலிருந்து எனக்கு ஆயிரம் எண்ணம் இருக்கு. அம்மாவா எப்ப வேணா கேட்கறேன். மத்ததுக்கு நல்லவங்க ஒருத்தரைத் தேடித் தர்றேன். ஆலோசகர் இன்னொருத்தர் கிடைப்பாங்க, அம்மாவுக்கு எங்க போவே?' நீ 'சரி, விடும்மா' என்று வைத்துவிட்டாய். நீ கேட்காதது அதற்குப் பிறகு நடந்தது. அவள் போனைக் கீழே வைக்கவில்லை. உன் ஊரில் யார் நன்றாகப் பார்க்கிறார்கள் என்று அன்றே மூன்று பேரிடம் விசாரித்தாள். யாருக்காக என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து நீ என்னிடம் மட்டும் மீதியைச் சொன்னாய். 'ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் அவகிட்ட ஒரு மணி நேரம் இருக்கு, எனக்கு இல்ல' என்றாய். 'அம்மாகிட்ட சொல்லிடாதப்பா' என்றும் சொன்னாய். சொல்ல மாட்டேன் என்றேன். ஏழு வாரம் சொல்லவில்லை; எங்கள் அலுவலகத்தில் இதற்கு முந்தைய சாதனை ஒன்றரை மணி நேரம். ஆனால் நீ அவள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாய். அவள் தினமும் ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு முன்னறைக்குப் போவாள். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆகவே புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன்.

தூரத்தில் இருப்பவர்களிடம் அவள் போனில் பேசுவதுண்டு. போன செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, புது ஆள், பெண், வயது இருபத்தொன்பது என்று நோட்டில் குறித்தேன். முதல் முறை வருகிறவர்களுக்கான படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள் உண்டு. நீ என்னிடம் சொன்னதை வைத்துப் பன்னிரண்டுக்கும் நானே பதில் எழுதினேன். என் போனிலிருந்து உன் எண்ணையும் நானே அழுத்திக் கொடுத்துவிட்டால், நீ ஹலோ என்றதும் மீதி தானாக நடந்துவிடும் என்பது திட்டம். தானாக நிற்கும் என்றுதான் அந்தப் பாலத்தையும் கட்டினோம்.

பத்தே முக்காலுக்கு அம்மா படிவத்தோடு வெளியே வந்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். இல்லை. 'இதை எழுதறதுக்கு அவ சம்மதிச்சாளா?' என்று கேட்டாள். நல்லதுக்குத்தானே என்றேன். 'அது பதில் இல்லைங்க' என்றாள். பிறகு, 'உயிருக்கு ஆபத்துன்னு நினைக்கற மாதிரி அவ ஏதாவது சொன்னாளா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. யோசிச்சுச் சொல்லுங்க' என்றாள். யோசித்தேன். இல்லை என்றேன். அவள் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. 'அப்ப இது அவளோடது' என்றாள்.

'யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா?' என்பது மூன்றாவது கேள்வி. 'அப்பாவிடம் மட்டும்' என்று எழுதியிருந்தேன். அங்கேதான் புரிந்திருக்கிறது, அங்கேயே நிறுத்திவிட்டாள். சொந்த மகள் ஏழு வாரமாகப் பேசவில்லை. என்ன ஆயிற்று என்பதற்கு இன்னும் ஒன்பது பதில்கள் கையில் இருக்கின்றன. நானாக இருந்தால் இரண்டு தடவை படித்திருப்பேன். அவள் மடித்து, உறையில் போட்டு, பசை தடவினாள். பாதிப் பசை மேசையில் விழுந்தது. அதையும் துடைத்துவிட்டு, 'இதை அவளுக்கே அனுப்பிடுங்க. நான் மூணு வரைக்கும் படிச்சுட்டேன்னு அவளுக்குத் தெரியணும். அதை மறைக்கக் கூடாது. தப்பு நம்ம அறையில நடந்தது' என்றாள். 'நம்ம' என்றாள், கவனி. இன்று வரை என்னிடம், 'அவளுக்கு என்ன?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய மனிதர்கள் என்று பலருக்கு நான் மாலை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவர்களை இனி எப்படி நினைப்பது என்று தெரியவில்லை.

ஆகவே அவளுக்குத் தெரிந்துவிட்டது இவ்வளவுதான்: நீ மூன்று மாதமாக வேலைக்குப் போகவில்லை, திரையை இழுத்துவிட்டு அறையிலேயே இருக்கிறாய். மீதி, இதோடு வைத்திருக்கும் உறைக்குள் ஒட்டியபடி இருக்கிறது. கிழித்துப்போடு, அல்லது வைத்துக்கொள். கூட இருக்கும் சீட்டில் உன் ஊர் ஆலோசகர் ஒருவரின் எண் இருக்கிறது. நீ போனாயா என்று அம்மா அவரிடம் கேட்க மாட்டாளாம். கேட்டாலும் அவர் சொல்ல மாட்டாராம். இந்த ஆலோசகர் ஜாதியே அப்படி.

உன் நம்பிக்கையைக் கெடுத்தவன் நான். அவள் இல்லை. என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் வைத்துக்கொள், வாயாடி. இடம் நிறைய இருக்கிறது. திரையை மட்டும் ஒரு பக்கமாவது விலக்கிவிடு. நன்றாக இரு. நன்றாக இல்லாவிட்டாலும் இரு.

என்றும் உன்,
அப்பா

பி.கு.: படிவங்கள் இப்போது என் பொறுப்பில் இல்லை, கதவு மட்டும்தான். செவ்வாய்க்கிழமை பதினொரு மணியை அம்மா வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. இன்று அந்த நேரத்தில் அவள் முன்னறையில் இல்லை. சமையலறையில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பீன்ஸ் நறுக்கினாள். கால் கிலோதான் இருந்தது. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு எழுந்தாள்.