கிளியர் கோட் இல்லாத பலகை

செவ்வாய்க்கிழமை, மடுல்சீமை.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு மேலே நிற்கும் மண்சரிவு எச்சரிக்கைப் பலகைக்கு இன்று மறுபடியும் பெயின்ட் அடித்தார்கள். அதில் சிங்கள எழுத்து, பலகை செய்யும்போதே அச்சடித்து வந்தது, இன்னும் அப்படியே இருக்கிறது. தமிழ் மட்டும் பிறகு யாருக்கோ நினைவு வந்து ஸ்பிரே டின்னால் அடித்தது. வெயிலிலும் மழையிலும் சிவப்பு வெளுத்து, தொட்டால் விரலில் மாவாக ஒட்டியது.

பதுளையிலிருந்து வந்த ஆபீஸ்காரர் எழுத்து வெட்டிய தகட்டைப் பிடித்து, "அபாயம், இங்கு குடியிருக்க வேண்டாம்" என்று அடித்துவிட்டு டின்னைப் பையில் போட்டார்.

"மேல நெறமில்லாத கிளியர் கோட் அடிக்கலையா தம்பி? என் த்ரீவீல் மட்கார்டும் இதே டின் சிவப்புதான். கிளியர் அடிச்சதால இன்னும் மங்கல" என்றேன்.

"எதுக்குண்ணே? அடுத்த வருசத்துக்குள்ள ஒங்களுக்கு வேற எடத்துல வீடு குடுத்துருவாங்களே" என்றார்.

போன தடவை அடித்தவரும் இதையேதான் சொன்னார். அந்த எழுத்து போய்விட்டது. நாங்கள் போகவில்லை.

சாப்பிடும்போது, பசறைக்கு ஆள் ஏற்றிப்போக ஹயர் கிடைத்தால் நானே ஒரு டின் கிளியர் வாங்கி வந்து அடித்துவிடுகிறேன் என்றேன். என் மனைவி ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"வேணாங்க. நாமளே அத அடிச்சா, இங்கயேதான் கெடக்கப்போறோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி."



இப்போது மழை வலுத்துவிட்டது. பெயின்ட் காய்ந்திருக்குமா என்றுதான் முதலில் நினைத்தேன். மேலே இருக்கும் மலையின் நினைவு அப்புறம்தான் வந்தது.