எதிர் வூட்டுக் கதவு

அத்தை,

இன்று காலை வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே வாய்க்காலில் செந்தண்ணீர் வந்தது. நம் வடக்கனந்தலில் ஒரு தூறல்கூட இல்லை. கொடியில் என் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. ஆனால் தண்ணீரில் மூங்கில் இலைகள் சுழன்று சுழன்று வந்தன. கல்வராயன் மலையில் நல்ல மழை பெய்திருக்கிறது. தண்ணீர் கரையைத் தாண்டவில்லை; ஈர மண்ணும் அழுகிய சருகும் கலந்த அந்த வாசனைதான் தெரு முழுக்க ஏறியது. நான் பல் தேய்த்துக்கொண்டே, பழக்கத்தில், எதிரே இருக்கும் உங்கள் வீட்டைப் பார்த்துக் கத்திவிட்டேன்: "அத்த, செந்தண்ணி வந்துட்டுது!"

கத்திய பிறகுதான் நினைவு வந்தது. அம்மா அடுப்படியில் கேட்டிருப்பார். பாத்திரம் உருளும் சத்தம் நின்றுபோனது.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது வந்த வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். இப்படித்தான், இங்கே மழையே இல்லாமல், பிற்பகலில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது. எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். சைக்கிள் கடைப் பெரியவருக்குக் காது கேட்காது. அவரை மகன் அழைத்து வந்திருப்பார் என்று அக்கம்பக்கத்தார் நினைத்தார்கள்; அக்கம்பக்கத்தார் அழைத்து வந்திருப்பார்கள் என்று மகன் நினைத்தார். திரும்பிப் போய்ப் பார்த்தபோது கட்டில் மேல் டிரங்குப்பெட்டியை வைத்து அதன்மேல் நின்றுகொண்டிருந்தார். தோளில் தூக்கி வந்து இறக்கியதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எல்லாரும் எங்க பூட்டீங்க?"



தண்ணீர் வடிந்த பிறகு குடிநீர்த் தொட்டிக்குக் கீழே தெருவே கூடியது. வாட்ஸ்அப் குரூப் வேண்டும் என்றார் ஒருவர். மைக் செட் கட்டலாம் என்றார் இன்னொருவர். நீங்கள் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்த்துவிட்டு நேராக அங்கே வந்திருந்தீர்கள். விரல்களெல்லாம் ஊறி வெளுத்துப்போய் இருந்தன.

"எல்லாரும் எல்லாரையும் பாக்கணும்னா ஒருத்தரும் ஒருத்தரப் பாக்க மாட்டாங்க. அவங்கவங்க எதிர் வூட்டப் பாருங்க, போதும்" என்றீர்கள்.

"ஏன், பக்கத்து வூடு இன்னா பாவம் பண்ணுச்சி?" என்றார் அப்பா.

"பக்கத்து வூட்டோட சண்ட இல்லாத ஒரு ஆளு கையத் தூக்குங்க பாப்போம். சுவரு, சாக்கட, முருங்கமரம்னு எதாவது ஒண்ணு இருக்கும். எதிர் வூட்டோட இன்னா சண்ட? நடுவுல ரோடு இருக்குதே."

ஒரு கைகூட எழவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். அதோடு முடிவாகிவிட்டது. வாய்க்காலில் செந்தண்ணீர் தெரிந்தாலோ, மலையிலிருந்து யாராவது போன் செய்தாலோ, முதலில் எதிர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அவர்கள் வெளியே வந்த பிறகுதான் நாம் கிளம்ப வேண்டும். உங்கள் பக்கத்து வீட்டு செல்வி அக்காவும், எங்கள் பக்கத்து வீட்டு பாக்கியம் அம்மாவும் மட்டும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் இருவரும் எதிர் எதிர் வீடு; குழாயடியில் குடம் வைத்த சண்டையில் பேச்சு நின்று வெகுநாளாகியிருந்தது.

"எங்க ரெண்டு பேருக்கு மட்டும் மாத்திக் குடுங்க" என்றார் செல்வி அக்கா.

"வெள்ளத்துக்கு உங்க சண்ட தெரியாதும்மா" என்றீர்கள்.

ஒவ்வொரு புரட்டாசியிலும் நாமே வாய்க்காலில் இறங்கித் தூர் எடுத்ததும், மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் அப்பா வரும்போது பழைய சாக்குகள் வாங்கி வந்ததும், அதில் மண் நிரப்பிக் கரையில் அடுக்கியதும் அதற்குப் பிறகுதான். அதுவரை, யாராவது நமக்குச் செய்து தரட்டும் என்று காத்திருந்த தெரு அது. நீங்கள் மண்டபத்துப் பெரிய குண்டானை இரவல் வாங்கி வந்து டீ போட்டீர்கள். சாக்குத் தைக்கும் ஊசி என் விரலில் ஏறியபோது, "பேனா புடிக்கற கைக்கு இது வேணும்" என்று சிரித்துவிட்டு, நீங்களே மஞ்சள் வைத்துக் கட்டினீர்கள்.

அடுத்த வெள்ளத்தில் உங்கள் யோசனை வேலை செய்தது. நீங்கள் எங்கள் கதவைத் தட்டியபோது அம்மா உங்கள் கதவைத் தட்டக் கிளம்பிக்கொண்டிருந்தார். நடு ரோட்டில் முட்டிக்கொண்டீர்கள். நான் புத்தகங்களுக்காக உள்ளே ஓட, நீங்கள் ஒரு அன்னக்கூடையில் அவற்றை அள்ளித் தலையில் வைத்துக்கொண்டீர்கள்.

"இன்னாடி இது, இந்தக் கனம் கனக்குது? சீக்கிரம் படிச்சித் தலைக்குள்ள ஏத்திக்க. எனக்குத் தூக்கற வேல மிச்சமாவும்."

செல்வி அக்கா பாக்கியம் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. துடைப்பக் கட்டையால் கதவை இடித்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். பிறகு இருவரும் ஒரே குடையில், ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி, முழங்கால் தண்ணீரில் நடந்தார்கள். "மாப்ள பொண்ணு ஊர்வலம் போவுது, வழி வுடுங்க" என்று நீங்கள் சொன்னதும் தெருவே சிரித்தது. வெள்ளத்தில் சிரித்துக்கொண்டே நடந்த தெரு வேறு எங்காவது இருக்குமா என்று அன்று நினைத்தேன். பள்ளிக்கூட வராந்தாவில் ஆட்களை எண்ணலாமா என்று அப்பா கேட்டார். "எதுக்கு எண்ணணும்? ஒவ்வொருத்தருக்கும் ஒரு எதிர் வூடு இருக்குது" என்றீர்கள். யாரும் குறையவில்லை.

அத்தை, அது மழைக்கான ஏற்பாடு. இந்தச் சித்திரையில் மழை இல்லை.

அடுத்தடுத்து முகூர்த்தங்கள். வேலை முடிந்து காலையில் தெருவுக்குள் வந்தீர்கள். நான் வாசல்படியில் நூலகப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். "லீவுலயும் படிப்பா? கண்ணு பூத்துடும்" என்றீர்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். "வெயில் ஜாஸ்தி. செத்த படுக்கறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டீர்கள். மாமா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். நாள் முழுக்கக் கதவு சாத்தியே இருந்தது. மண்டப வேலைக்குப் பிறகு நீங்கள் அப்படித் தூங்குவது வழக்கம்தான்.

மறுநாள் குழாயடிக்கு உங்கள் குடம் வரவில்லை. அம்மா வந்து தட்டினார். அப்பா தாழ்ப்பாளை உடைத்தார். நீங்கள் பாயில் கிடந்தீர்கள். பக்கத்தில் ஒரு சொம்பு. தலையில் ஒரு துண்டு. நனைத்துப் போட்டு, அதுவும் காய்ந்துபோயிருந்தது. மூச்சு இருந்தது. ஆட்டோவில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் உங்கள் தலை அம்மா மடியிலும் கால்கள் என் மடியிலும் இருந்தன. பாதம் சுட்டது. "நேத்தே கூட்டினு வந்திருக்கலாமேம்மா" என்று டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். அன்று சாயங்காலம் நீங்கள் போய்விட்டீர்கள்.

காரியம் முடிந்த மறுநாள் தொட்டிக்குக் கீழே தெரு மறுபடியும் கூடியது. யாரும் கூப்பிடவில்லை, தானாகவே வந்து நின்றார்கள். "மழ கெடையாது, ஒண்ணும் கெடையாது. யாருக்குத் தோணும்?" என்றார் அப்பா. அதுவரை யாரோடும் பேசாமலிருந்த அம்மா அப்போது வாயைத் திறந்தார்.

"தண்ணி வந்தா எதிர் வூட்டத் தட்டுன்னு சொன்னோம். எனக்கு ஒடம்பு முடியலன்னா நான் போயித் தட்டணும்னு யாரும் சொல்லிக்கலையே. அவளுக்கும் தோணலையே."

அத்தை, எனக்கு உங்கள்மேல் கோபம் இருக்கிறது. துண்டை நனைக்க எழுந்திருக்கிறீர்கள். சொம்பில் தண்ணீர் மொண்டிருக்கிறீர்கள். அந்தத் தெம்பில் கதவைத் திறந்து "இன்னாடி" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் நான் ஓடி வந்திருப்பேன். வாசல்படியில்தானே இருந்தேன்! தெருவுக்கே யாரைத் தட்டுவது என்று சொல்லித் தந்த நீங்கள், உங்களுக்கென்று ஒரு கதவைத் தட்டத் தயங்கியிருக்கிறீர்கள். தயங்கினீர்களா, அது உங்களுக்குத் தோன்றவே இல்லையா? இதை நான் எந்தப் புத்தகத்தில் தேடுவது?

அம்மா சொன்னதற்கு எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் யாரும் யார் கதவையும் தட்டவில்லை. வெள்ளத்துக்குத் தட்டுவதில் வெட்கமில்லை. தலைவலிக்கும் மயக்கத்துக்கும் தட்டுவது மானக்கேடாகத் தெரிந்தது.

ஆவணியில் ஒரு பகல், எங்கள் கதவு தட்டப்பட்டது. செல்வி அக்கா. முகமெல்லாம் வியர்வை, ஒரு கையால் நிலையைப் பிடித்திருந்தார்.

"தல சுத்துதும்மா. எனக்கு எதிர் வூடு இருந்தும் இல்லாத மாதிரி. உங்களுக்கு எதிர் வூடே இல்லாம பூடுச்சி. அதான் இங்க வந்துட்டேன்."

அம்மா அவரைப் பிடித்து உட்கார வைத்தார். அப்பா ஆட்டோவுக்கு ஓடினார். அம்மா விசிறிக்கொண்டிருந்தபோது பாக்கியம் அம்மா உள்ளே வந்து, ஒரு வார்த்தை பேசாமல், செல்வி அக்காவின் செருப்பை எடுத்து அவர் காலில் மாட்டிவிட்டு, தானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். ரத்த அழுத்தமாம், செல்வி அக்கா மாத்திரையோடு மறுநாளே திரும்பினார். அன்று ஆட்டோ கிளம்பிப் போன பிறகு அம்மா அழுத அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

இப்போது தெருவில் கதவுகள் தட்டப்படுகின்றன. காய்ச்சலுக்கு, நெஞ்சுவலிக்கு, சும்மா பயமாக இருக்கிறது என்பதற்கும்கூட. எங்கள் கதவைத்தான் அதிகம் தட்டுகிறார்கள். எந்த நேரமானாலும் முதலில் எழுந்து ஓடுவது நான்தான். படிப்பு கெடுகிறது என்று அப்பா கடிந்துகொள்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வது? தட்டும் சத்தம் கேட்டதிலிருந்து நான் தாழ்ப்பாளை எடுக்கும்வரை, வெளியே நிற்பது நீங்கள்தான், அத்தை.