குழாயில் வரும் முதல் தண்ணீர்

என்னங்க,

'தண்ணீரில் ஈயம் இல்லை' என்று எழுதி மேசைமேல் நீங்கள் வைத்துவிட்டுப் போன அறிக்கையில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். துறைத்தலைவராகக் கேட்டாலும் சரி, கணவராகக் கேட்டாலும் சரி.

தப்பு என்னுடையதுதான். குழாயை ஐந்து நிமிடம் ஓடவிட்டுத் தண்ணீர் பிடிக்கச் சொல்லி, வேதியியல் மாணவர்களை நம் கல்லூரியின் பின்தெருவுக்கு அனுப்பினேன். எந்த வீட்டுத் தண்ணீரிலும் ஈயம் இல்லை என்று சோதனையில் வந்தது. பெருமையாகப் போய்ச் சொன்னோம்.

அந்தத் தெருவில் இருக்கும் தையல்கார அக்கா சிரித்துவிட்டார். "அஞ்சு நிமிஷம் தண்ணிய சும்மா ஓடவிட இதென்ன உங்க லேபா டீச்சர்? காலையில வர்ற முதல் தண்ணியிலதான் பிள்ளைக்குப் பால் கரைக்கிறேன்."

அந்த முதல் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தோம். பழைய குழாயில் இரவெல்லாம் நின்றதில் ஈயம் அளவுக்கு மீறிக் கரைந்திருந்தது.

"பாடத்துக்காகச் செஞ்சது, மார்க் போட்டாச்சு, விட்டுடு" என்கிறீர்கள். அந்தப் பிள்ளை குடித்த பாலுக்கு யார் மார்க் போடுவது?

நாளைக்கு மாணவர்களோடு வீடு வீடாகப் போய், நாங்கள் சொன்னது தப்பு என்று சொல்லப்போகிறேன். வேலை போனால் போகட்டும்.

கொஞ்ச நாள் தங்கை வீட்டில் இருப்பேன். நம் குடியிருப்பிலும் அதே பழைய குழாய்தான். காலையில் காபி போடுமுன் ஐந்து நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். உங்களுக்குத்தான் அந்த வசதி இருக்கிறதே.

இன்னமும் உங்கள் மனைவிதான்.