ராகுவுக்கு விசா இல்லை

மச்சான்,

ஒஷாவா என்று ஓர் ஊர்ப்பெயரைத் தடித்த கறுப்பு மையால் எழுதிய பெட்டி மட்டை ஒன்று சனிக்கிழமையிலிருந்து என் வான் வண்டியின் பின்சீற்றில் கிடக்கிறது. மழையில் நனைந்து காய்ந்த மட்டை. கதவைத் திறந்தால் அதன் மணம்தான் முதலில் வருகிறது. பின்பக்கத்தில் படம் கீறட்டுமா என்று மகள் கேட்டாள். தொடக்கூடாது என்றுவிட்டேன்.

அந்த மணம் மூக்கில் ஏறியதும் ரொறன்ரோ மறந்துபோகிறது. பாரிசை விட்டு வெளியே போகும் பெருந்தெருவின் ஓரத்தில் நிற்கிறேன். பக்கத்தில் நீ.

மறுநாள் எனக்குக் கலியாணம். பொம்பிளை ஸ்ட்ராஸ்பூர்க்கில், தமையன் வீட்டில். இடையில் ஐந்நூறு கிலோமீற்றர் தூரம். ரயில்காரர் வேலைநிறுத்தம் என்பது அன்று காலை ஸ்டேசனுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. பஸ்ஸில் இடமில்லை. "றோட்டிலை நிண்டு மறிப்பம், வா" என்றாய். வாழைக்காய் வந்த பெட்டியைக் கிழித்து ஊர்ப்பெயரை எழுதினாய். கோட் சூட்டைப் பையில் வைத்தால் கசங்கும் என்று உடம்பிலேயே போட்டுக்கொண்டு வந்த புத்திசாலி நான்.

பெருவிரலைக் காட்ட வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? ஊரில் பஸ் மறிப்பதுபோல முழுக்கையையும் வீசினேன். முதலில் நின்ற கார்க்காரன் விபத்து என்று நினைத்து மருந்துப் பெட்டியோடு ஓடிவந்தான். சூட் போட்டவன் சுகமாக நிற்பதைக் கண்டு பிரெஞ்சில் நல்ல அர்ச்சனை செய்துவிட்டுப் போனான். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "மாப்பிள்ளை, நீ கையைப் பொக்கற்றுக்குள்ளை வை. மிச்சத்தை நான் பாக்கிறன்."

ஒன்பதேகாலுக்கு ஒரு கிழவனும் கிழவியும் காரை நிறுத்தினார்கள். நேரே ஸ்ட்ராஸ்பூர்க். பின்சீற் முழுக்கக் காலி. நீ ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாய். நான்தான் கெடுத்தேன்.

"மச்சான், சனிக்கிழமை. ஒன்பதிலையிருந்து பத்தரை மட்டும் ராகுகாலம். கலியாண அலுவலடா."

"டேய், ராகுவுக்குப் பிரான்சிலை விசா இல்லை. ஏறு!"

நான் ஏறவில்லை. பிறகு வருகிறோம் என்று விளங்கப்படுத்த மணிக்கூட்டைத் தொட்டுக் காட்டினேன். கிழவி நேரம் கேட்கிறேன் என்று நினைத்து, ஒன்பதேகால் என்று விரலால் காட்டிவிட்டுப் போனாள்.

பத்தரையும் போனது. பன்னிரண்டும் போனது. மழை வந்தது. மட்டை ஊறி எழுத்து வழிந்தது. "உன்ரை ராகு எழும்பிப் போட்டாரோ எண்டு கேள்" என்று மட்டும் இடைக்கிடை சொன்னாய்.

மூன்று மணிக்கு ஒரு லொறி நின்றது. ஒருவருக்குத்தான் இடம். நான் வாயைத் திறக்கமுதல் என்னைத் தூக்கி உள்ளே தள்ளிவிட்டாய். "நான் இல்லாமல் கலியாணம் நடக்கும். நீ இல்லாமல் நடக்காது. போ!"

அரை மணித்தியாலம் போன பிறகுதான் நினைவு வந்தது. தாலிக்கொடி உன் சட்டைப் பொக்கற்றில். "நீ தலையையே துலைக்கிற ஆள், தா இஞ்சை" என்று காலையில் நீதான் வாங்கி வைத்திருந்தாய். லொறிக்காரனிடம் தாலிக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது? கழுத்தைச் சுற்றிக் கையால் காட்டினேன். தூக்குப் போடப்போகிறேன் என்று பயந்து, வழி முழுக்க எனக்குச் சொக்லேற் தந்தான்.

ஸ்ட்ராஸ்பூர்க்கில் பொம்பிளையின் தமையன் வாசலிலேயே மறித்தார்.

"தாலி எங்கை?"

"வருகுது அண்ணை."

"எதிலை வருகுது?"

"தெரியாது அண்ணை."

அவர் முகம் போன போக்கைச் சொல்ல ஏலாது. கதவுக்குப் பின்னாலிருந்துதான் ஒரு குரல் வந்தது: "அவர் வந்து சேர்ந்திட்டார்தானே, அண்ணா. தாலியும் வரும்." இவளோடு காலம் தள்ளலாம் என்று எனக்கு அப்போதுதான் தைரியம் வந்தது.

மறுநாள் எட்டரைக்குள் முகூர்த்தம். எட்டு மணிக்கு நான் மணவறையில் இருக்கிறேன். கண் மண்டப வாசலில். ஐயர் மந்திரத்தை இழுத்து இழுத்துச் சொல்கிறார். எட்டு இருபதுக்கு வெளியே பெரிய ஹோர்ன் சத்தம். மூன்று வாகனம் மாறி, கடைசியில் பன்றி ஏற்றும் லொறியில் வந்து குதித்தாய். தலைமயிரில் வைக்கோல். நீ நீட்டிய கொடியை வாங்கும்போது ஐயர் மூக்கைச் சுழித்தார்.

"என்ன தம்பி மணக்குது?"

"சந்தனம் ஐயா. பிரான்ஸ் சந்தனம்."

எல்லாப் படத்திலும் எங்களைச் சுற்றி நிற்பவர்கள் ஓரடி தள்ளியே நிற்கிறார்கள். நீ மட்டும் என்னோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாய்.

இந்த வருஷம் மாசி மாதம் பாரிசிலிருந்து போன் வந்தது. வேலைக்குப் போகும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாயாம். என் கலியாணத்துக்கு நீ பன்றிகளோடு வந்தாய். உன் செத்தவீட்டுக்கு நான் பிளேனிலும் வர முடியவில்லை. கனடாப் பேப்பர் இன்னும் கைக்கு வரவில்லை. வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள். இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை மரக்கறி வாங்கப் போனோம். மோர்னிங்சைட்டில் நாலு-சைபர்-ஒன்று பெருந்தெருவுக்கு ஏறும் இடத்தில் ஒரு வெள்ளைக்காரர், ஐம்பது வயதிருக்கும், மழையில் மட்டையோடு நின்றார். மனைவி வானின் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒன்பதேகால்.

"இஞ்சாருங்கோ, ராகுகாலம்" என்றாள். பிறகு தன் கொடியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். "ராகுவுக்கு இஞ்சையும் விசா இல்லை. நிப்பாட்டுங்கோ."

ஒஷாவாவுக்கு அரை மணித்தியால ஓட்டம். ஏன் நிறுத்தினாய் என்று அவர் வழியில் கேட்டார். உன் கதை முழுவதையும் சொல்லத்தான் ஆசை. என் இங்கிலிசுக்கு எட்டியது இவ்வளவுதான்: "மை பிரண்ட். சேம் சேம்." அவர் தலையாட்டினார். மகள் அவருக்குத் தன் பிஸ்கற்றில் பாதி கொடுத்தாள்.

இறங்கும்போது மட்டையை மறந்துவிட்டு, ஒஷாவாவில் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் இருக்கும் கடையில் கத்தரிக்காய் வாங்கப் புறப்பட்டவர்கள் நாங்கள்.

ஒஷாவாவில் எங்களுக்கு ஒரு அலுவலும் இல்லை, மச்சான்.