கிண்ணம் வழிந்த பிறகும்

செவ்வாய், இரவு.

உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. தூக்கம்தான் வரவில்லை.

பௌத்தச் சடங்கு நடத்தும் பயிற்சியில் இன்றுதான் முதல்முறை தனியாகப் போனேன். அடுகோடிப் பகுதியில் ஒரு வீடு. அந்த வீட்டுப் பெண் சுஜாதாவின் குழந்தை பிறக்கும்போதே இறந்துவிட்டது. பெற்றவர்கள் இருவரும் ஒரே செம்பைப் பிடித்து, இறந்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, கிண்ணம் வழியும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்படி ஊற்றினால் அவர்கள் செய்த புண்ணியம் பிள்ளைக்குப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை.

பெயர் வைத்திருக்கமாட்டார்கள் என்று நானாகவே முடிவுகட்டி, "பேர் இல்லன்னா பரவால்ல, கொழந்தைன்னே சொல்லிக்கலாம்" என்றேன். ஆறுதல் சொல்கிற நினைப்பு எனக்கு!

"பேர் இருக்குக்கா" என்றாள் சுஜாதா. "வயித்துல இருக்கும்போதே கூப்பிட்டுட்டுதான் இருந்தேன். மகிழினி."

அவள் கணவர் திரும்பிப் பார்த்தார். "எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"பொறந்ததும் சொல்லலாம்னு இருந்தேங்க."

ஊற்ற ஆரம்பித்தார்கள். கிண்ணம் வழிந்ததும் நான் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் அந்தப் பெயரைச் சொல்லத் தொடங்கியிருந்தார், பக்கத்து அறையில் விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். செம்பு காலியாகும்வரை ஊற்றவிட்டேன்.

தரையில் ஓடி வந்த தண்ணீரில் என் வெள்ளைப் புடவை நனைந்துவிட்டது. இன்னும் மாற்றவில்லை.