பாலத்துப் பலகையில் அறுபத்தெட்டு

ஜூலை 19, திங்கள்

முப்பத்தொரு வருடமாகப் பாலத்துப் பலகையில் நான் எழுதிவந்த எண்ணை இன்று அழித்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது அநியாயம். வேறு சொல் தேட எனக்கு நேரமில்லை.

கோடையில் தினமும் நாலு மணிக்கு மொன்டானாவில் எங்கள் பிட்ச்ஃபோர்க் ஆற்றில் வெப்பமானியைச் சங்கிலியில் கட்டி இறக்கி, நீரின் சூட்டைப் பார்த்து, பலகையில் சாக்கட்டியால் எழுதுவது நான். எழுபத்து மூன்று ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் ஆந்தைத் தடை. அதாவது மதியம் இரண்டு மணிக்கு மேல் யாரும் தூண்டில் போடக் கூடாது. சூடேறிய நீரில் டிரவுட் மீனுக்கு மூச்சு முட்டும். அப்போது அதை இழுத்தடித்தால், கையிலிருந்து விட்ட பிறகும் பிழைக்காது. இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நான்.

இப்போது மீன்வளத் துறையிலிருந்து டெஸ்ஸா என்று ஒரு சின்னப் பெண் வந்து, பாலத்தூணில் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைத் திருகிவிட்டுப் போயிருக்கிறாள். உள்ளே மின்கருவியாம். அது எழுபத்து நாலு காட்டுகிறதாம். என் வெப்பமானியில் அறுபத்தெட்டு. ஒரே ஆறு, ஒரே மணி, ஆறு டிகிரி வித்தியாசம்! ஆற்றுச் சங்கத் தலைவர் டெல்மர் ப்ரூயிட் சரி என்று தலையாட்டியிருக்கிறார். வேறு எதற்கும் அந்தத் தலையை அவர் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

ஜூலை 20, செவ்வாய்

தடை அறிவிப்பு ஒட்டியாயிற்று. அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு. மூன்று எழுத்துப் பிழை.

ஜூலை 21, புதன்

டெல்மரின் தூண்டில் கடைக்குப் போனேன்.

"அல்வீனாம்மா, மெஷின் பொய் சொல்லாது."

"மெஷின் சொல்லாது. மாட்டுறவங்க சொல்லுவாங்க."

"உங்களுக்கும் எழுபத்தேழு ஆச்சு. எத்தனை நாளைக்குத்தான் ஆத்தோரம் அலைவீங்க? உக்காந்து ஓய்வெடுங்களேன்."

"நீ நாற்பது வயசுலேருந்து உக்காந்துதான் இருக்க. என்ன கண்ட?"

கொக்கியில் இறகும் மயிரும் சுற்றிக் கட்டுகிற பொய் ஈக்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறார், எங்கோ ஒரு தொழிற்சாலையில் கட்டியவை. எல்லாவற்றுக்கும் ஒரே தடிமன், ஒரே இறக்கை. நீரில் போட்டால் ஈ மாதிரி இருக்காது, சட்டையிலிருந்து அறுந்த பொத்தான் மாதிரி இருக்கும்.

ஜூலை 23, வெள்ளி

மூன்று மணிக்கு வேண்டுமென்றே இறங்கினேன். நான் வெப்பமானி இறக்கும் என் கல்லுக்குப் பக்கத்துக் குழியில், நானே எல்க் மான் மயிர் வைத்துக் கட்டிய ஈ. ஒரு மணி நேரத்தில் ஐந்து டிரவுட்! ஒவ்வொன்றும் மாட்டியதும் நடு ஆற்றுக்குப் பாய்ந்தது, திருப்பிக் கொண்டுவந்தேன். நீரை விட்டு வெளியே தூக்காமலே கொக்கியைக் கழற்றினேன். ஐந்தும் வாலை ஆட்டிக்கொண்டு போயின. சாகிற மீன் வாலை ஆட்டுமா?

கொழுந்தன் ஓரின் கரையில் வந்து நின்றான். சங்கத்தின் பலகைக்கு ஆணி அடிப்பதும் வண்ணம் பூசுவதும் அவன்தான்.

"அண்ணி, மணி மூணரை."

"என்கிட்டயும் கடிகாரம் இருக்கு."

"ஆந்தைத் தடை இருக்குது அண்ணி."

"ஆந்தை பகல்ல தூங்கும். நீயும் கண்ண மூடிக்க."

சிரித்தான். ஆனாலும் போகவில்லை, நான் கரையேறும்வரை நின்றான்.

ஜூலை 25, ஞாயிறு

ஓரின் ஒரு வாளியோடு வந்தான். உள்ளே நான்கு டிரவுட், வயிறு வெளுத்து. இரண்டு வளைவு தள்ளி, தேங்கிய நீரில் ஒதுங்கிக் கிடந்தனவாம்.

"வெளியூர்லேருந்து வர்றவனுங்க வேலை. பிடிச்சு, அஞ்சு நிமிஷம் தூக்கி வச்சு போட்டோ எடுக்குறானுங்க" என்றேன்.

"தடை போட்டதுக்கு அப்புறம் ஆத்துல யாரும் இறங்கல அண்ணி. நீங்க ஒருத்திதான்."

கதவைச் சாத்தினேன். இவன் அண்ணனும் இப்படித்தான். குரலை உயர்த்தாமலே மனிதரைக் கொல்வார்.

வாளியில் பார்த்த மீன்களின் வாயோரத்தில் சின்னத் துளை, சுத்தமானது. கொக்கி நுனியில் பின்னோக்கி நிற்கும் முள்ளை நசுக்கிவிட்டுப் போட்டால்தான் அப்படி இருக்கும். முள்ளை நசுக்குவது நான் ஒருத்திதானா? — இந்தப் பள்ளத்தாக்கில் ஒருத்திதான். எழுதியாயிற்று, இருக்கட்டும்.

ஜூலை 28, புதன்

அந்தக் குழாயின் வண்டவாளத்தை வெளியே கொண்டுவருவது என்று முடிவு. டெஸ்ஸாவுக்குப் போன் செய்தேன்.

"வாங்க மேடம், சேர்ந்தே அளக்கலாம்" என்றாள்.

"சேர்ந்தெல்லாம் வேண்டாம். நான் அளக்கிறேன், நீ கரையில நின்னு எழுது."

"சரி மேடம்." உடனே ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

ஜூலை 30, வெள்ளி

மூன்று வெப்பமானிகள் கொண்டுபோனேன். முதலில் மூன்றையும் ஒரே வாளியில் வைத்தேன். மூன்றும் ஒரே எண். ஆக, என் வெப்பமானிகளில் பிழையில்லை. நாலு மணிக்கு என் கல்லடியில் இறக்கினேன். அறுபத்தெட்டு.

"எழுது" என்றேன். எழுதினாள்.

பிறகு ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு மூன்று அடி உள்ளே போனேன். எழுபத்து நாலு. திரும்பிக் கல்லடிக்கு வந்தேன். அறுபத்தெட்டு. மறுபடி உள்ளே. எழுபத்து நாலு.

குனிந்து கல்லடிச் சரளையில் கையை விட்டேன். விரல் மரத்துப்போயிற்று. அடியில் ஊற்று.

அப்போதுதான் பார்த்தேன். அந்தக் குளிர்ந்த ஒரு பாய் அகலத்தில் டிரவுட்டுகள் ஒட்டி ஒட்டிக் கிடந்தன, ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளிகள் கிடப்பது போல. குஞ்சுகளைத் தின்கிற பெரிய பழுப்பு டிரவுட்டின் விலாவை ஒட்டியே குஞ்சுகளும். என் நிழல் மேலே விழுந்தும் ஒன்றுகூட நகரவில்லை. வேறு போக்கிடம் இல்லை. ஒரு மணி நேரத்தில் ஐந்து! பெரிய திறமைசாலிதான் நான். ஒதுங்கியிருந்ததை இழுத்து நடு ஆற்றுச் சூட்டுக்குள் ஓடவிட்டிருக்கிறேன்.

"இந்தக் கல்லுல எத்தனை வருஷமா அளக்குறீங்க மேடம்?"

"முப்பத்தொண்ணு."

பொய். முன்பெல்லாம் நடு ஆற்றுத் தட்டைப்பாறையில்தான் அளந்தேன். முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்த வருடம் வெப்பமானிச் சங்கிலியை அவிழ்த்துக் கரையோரக் கல்லில் கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. எட்டு வருடம். அந்த எட்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் எழுபத்து மூன்று எழுதவில்லை. மொன்டானாவே காய்ந்தாலும் நம் ஆறு காயாது என்று கூட்டத்துக்குக் கூட்டம் வாய் கிழியப் பேசியிருக்கிறேன்.

அந்தப் பெண் எண்களைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், நோட்டை மூடினாள். ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

ஜூலை 31, சனி

எட்டுக் கோடை. எத்தனை மீன்?

ஆகஸ்ட் 1, ஞாயிறு

டெல்மர் போன் செய்தார். குரலில் வெண்ணெய்.

"அல்வீனாம்மா, நீங்க சொன்னதுதான் சரி. அந்தக் குழாய் நமக்குத் தோதுப்படாது. கடைக்கு ஒரு ஆள் வரல, மீன்பிடிக்கக் கூட்டிப்போற வழிகாட்டிப் பசங்க எல்லாம் சும்மா உக்காந்திருக்காங்க. செவ்வாய்க்கிழமை கூட்டத்துல உங்க அறுபத்தெட்டைச் சொல்லுங்க. தடையை எடுக்கச் சொல்லித் தீர்மானம் தயாரா இருக்கு. நாங்க எல்லாரும் கை தூக்குறோம். பலகையும் பழையபடி உங்களுக்குத்தான்."

"மெஷின் பொய் சொல்லாதுன்னியே?"

"உங்க வார்த்தைக்கு முன்னாடி மெஷின் என்னம்மா!"

ஆக, அந்தப் பெண் யாரிடமும் வாய் திறக்கவில்லை. எனக்காக விட்டுவைத்திருக்கிறாள். என்ன திமிர்! இவள் தயவில் நான் மானம் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமா?

என் எண்ணைத் திருப்பித் தருகிறார்கள். இரண்டு வாரமாக இதற்குத்தானே குதித்தேன்? வாங்கிக்கொண்டால் டெல்மருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவருக்காவது கடை இருக்கிறது.

ஆகஸ்ட் 3, செவ்வாய், காலை

இன்று கூட்டத்தில் வாசிக்க வேண்டியது. கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

டெல்மர் அந்தத் தீர்மானத்தைக் கிழிக்க வேண்டும். கிழிக்கும்போது சொற்பொழிவு கூடாது. தடை இருக்கும்வரை அவருடைய வழிகாட்டிகள் விடியற்காலையில் எழுந்து ஆட்களைக் கூட்டிப்போகட்டும். எழுந்தால் செத்துவிட மாட்டார்கள்.

டெஸ்ஸா ஊற்றைச் சுற்றி அறுபது அடிக்குக் கயிறு கட்ட வேண்டும். கோடை முழுக்க, எந்த நேரத்திலும், யாரும் அதற்குள் தூண்டில் போடக் கூடாது. பலகையில் எண்ணையும் இனி அவளே எழுத வேண்டும், கையால், பிழையில்லாமல். அந்தக் குழாய்க்குப் பாறை நிறத்தில் வண்ணம் அடிக்கட்டும். பார்க்கச் சகிக்கவில்லை.

ஓரின் என் சங்கிலியைக் கல்லிலிருந்து கழற்ற வேண்டும். நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

நான், பலகையில் எட்டு வருடமாக எழுதியது தப்பு என்று, எழுந்து நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டும். முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது.