பங்கர் வீட்டடியில் இறக்கம்

பூநகரி,
ஆவணி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் சாரங்காவுக்கு,

உன் சித்தப்பா சிற்றம்பலம் எழுதிக்கொள்வது. நானும் சின்னம்மாவும் இரண்டு மாடும் எண்ணிப் பார்க்காத கோழிகளும் இங்கே சுகம், நீயும் அந்த நோர்வேக் குளிருக்குள் மூக்கு உறையாமல் சுகமாக இருக்க ஆலடிப் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவருக்கும் குளிர் பழக்கமில்லை, என்றாலும் பார்த்துக்கொள்வார். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகிற கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று இப்போதே உனக்குச் சத்தியம் பண்ணித் தருகிறேன், நீயும் நம்பவேண்டியதில்லை, வாசித்தால் போதும். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் கதைக்கும்போது உன் சின்னம்மா பக்கத்தில் நிற்பார், நீ "வீடு எப்பிடிச் சித்தப்பா, சின்னம்மாவை ஒருக்கா உள்ளுக்கு நிண்டு வீடியோவில காட்டச் சொல்லுங்கோவன்" என்று கேட்கும்போதெல்லாம் அவர் "சார்ஜ் இல்லைப் பிள்ளை" என்று போனை வாங்கி அணைத்துவிடுவார். ஒரு வருசமாக எங்கள் போனில் சார்ஜ் இல்லை என்பதை இவ்வளவு படித்த நீ எப்படித்தான் நம்பினாயோ. அதனால்தான் பக்கத்து வளவு வீரகத்தியின் மருமகன் ஒஸ்லோவுக்கு வருகிறான் என்று அறிந்ததும் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் வைத்து இதை அனுப்புகிறேன், வாசிக்கும்போது கண்ணெரிந்தால் அது தூள்தான், என் எழுத்தல்ல. விசயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். நீ எங்களுக்கென்று படம் கீறிக் கட்டுவித்த வீட்டுக்குள் உன் சின்னம்மா குடிபோகவில்லை. பால் காய்ச்சவில்லை. படியைத் தாண்டவும் இல்லை.

கோவிக்காமல் கேள். நீ அனுப்பிய படத்தில் கூரை பச்சை நிறமாக இருந்தது. எழுத்தெல்லாம் ஆங்கிலம், நாங்கள் நிறத்தைத்தான் பார்த்தோம். சின்னம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பச்சை நல்ல நிறம், கண்ணுக்குக் குளிர்ச்சி, பெயின்ற் மட்டும் நல்லதாப் பாத்து வாங்குங்கோ" என்றார். நான் பரந்தனுக்குப் போய்ப் பச்சைப் பெயின்றுக்கு விசாரித்தும் வந்தேன். அது புல்லு என்றும், புல்லுக்குக் கீழே மண் என்றும் இந்த உலகத்தில் உனக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும்.

கட்டின கதை தனிப் புராணம். சூசைப்பிள்ளை மேசன் முல்லைத்தீவுக் கரையில் இருந்து வந்தவன், கடலைத் தவிர எதற்கும் பயமில்லை என்று சொல்லித் திரிகிறவன். எங்கள் வளவு மண்ணையே கொஞ்சம் சீமெந்தோடு சேர்த்து அச்சில் அழுத்தி, சூளையில் சுடாமல் கல்லாக்கச் சொன்னாய், அவன் சிரித்தான். அந்தக் கல்லால் கம்பியும் இல்லாமல் மரமும் இல்லாமல் கூரையை வில்லுமாதிரி வளைக்கச் சொன்னாய், சிரிப்பு நின்றுவிட்டது. தாங்கி நின்ற பலகைகளைக் கழற்றுகிற நாள் ஊர் முழுக்க வேலியில் தொங்கியது. அவன் எல்லாரையும் முற்றத்துக்கு விரட்டிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு, "ஐயா, விழுந்தா என்ர மனிசிக்கு அந்த நோர்வேப் பிள்ளையின்ர விலாசத்தைக் குடுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கடைசிப் பலகையைத் தட்டினான். பலகை விழுந்தது. கூரை விழவில்லை. கீழே ஒன்றும் இல்லாமல் எங்கள் வளவு மண் காற்றில் நின்றது. ஒரு கல் மற்றக் கல்லில் சாய்ந்து, அது அடுத்ததில் சாய்ந்து, எல்லாம் ஒன்றை ஒன்று விழவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றன. காகங்கள் கத்துவதை நிறுத்தின, சங்குப்பிட்டிப் பாலத்தில் வாகனங்கள் நின்றன, சூசைப்பிள்ளையின் மீசை அந்த நொடியில் நரைத்துப்போய் இன்றைக்கும் மை பூசிக்கொண்டுதான் திரிகிறான். சின்னம்மாவும் அன்றைக்கு வாயில் கைவைத்து, "எங்கட பிள்ளையின்ர மூளையைப் பாருங்கோவன்" என்று ஊருக்கெல்லாம் சொன்னார். அதையும் நீ அறியவேண்டும்.

புரட்டாசியில்தான் அவன் கூரைக்கு மேல் மண் ஏற்றத் தொடங்கினான், இரண்டு பக்கச் சுவரோடும் மண்ணைச் சரிவாக அணைத்தான். தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த சின்னம்மா நிமிர்ந்து பார்த்தார். தட்டை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டுத் திரும்பி எங்கள் பழைய தகரக் கொட்டிலுக்குள் போய்விட்டார். உன்னில் ஒரு பிழையும் இல்லை. சண்டையில் பாதை பூட்டுப்பட முன்னமே எட்டு வயதில் உன்னை உன் மாமியிடம் அனுப்பிவிட்டோம், நீ பங்கரைக் காணாத பிள்ளை, அதற்காக இன்றைக்கும் நான் பிள்ளையாருக்குக் கடன்பட்டவன். நாங்கள் கண்டோம். உடையார்கட்டில் ஷெல்லுக்குப் பயந்து நாங்கள் இருந்த பங்கரின் மேல்மண் ஒருநாள் இறங்கியது, சின்னம்மா அதற்குக் கீழே இருந்தார், நான் கையால் கிண்டி எடுத்தேன். எல்லாக் கதையையும் பத்து மடங்காக்குகிற நான் இதை மட்டும் குறைத்துத்தான் சொல்வேன், ஆகவே இவ்வளவோடு விடுகிறேன். மூச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இனித் தலைக்கு மேல மண் இருக்கிற இடத்துக்கு என்னைக் கூப்பிடாதேங்கோ" என்பது. நான் கூப்பிடவில்லை, இந்த வீட்டுக்கும் கூப்பிடவில்லை.

ஊரும் அந்த வீட்டில் பங்கரையேதான் கண்டது. பரந்தன் பஸ் எங்கள் படலையடியில் தானாகவே மூச்சு வாங்கி நிற்கும், எல்லாரும் ஒரு பக்க யன்னலுக்கே சாய்வதால் பஸ் சரிந்தபடியே பூநகரிச் சந்திக்குப் போய்ச் சேரும். கொண்டக்டர் முதல் கிழமையே பெயர் வைத்துவிட்டான், "பங்கர் வீட்டடி இறக்கம் இருக்கோ" என்று அவன் கத்துவது கொட்டிலுக்குள் சின்னம்மாவின் காதில் விழும். மோட்டார் சைக்கிளில் சிவில் உடுப்போடு புலனாய்வுக்காரர் இரண்டு பேர் வந்து சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, உள்ளே என்ன தாட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள், "என்ர இளமையைத்தான் தாட்டனான், கிண்டி எடுத்தா எனக்கும் ஒரு பங்கு தாருங்கோ" என்றேன், சிரிக்காமல் போய்விட்டார்கள். வீரகத்தி வேலியால் எட்டிப் பார்த்து, "சிற்றம்பலண்ணை, ஊர் பங்கரை மூடிப்போட்டு வீடு கட்டுது, நீங்கள் வீட்டைக் கட்டிப்போட்டுப் பங்கராக்கிறியள்" என்று கேட்டான். நான் அவனுக்கு நல்ல பதில் சொன்னேன், அதைக் கடிதத்தில் எழுத முடியாது.

பிறகு சித்திரை வந்தது. இந்த முறை வெயிலில் காகம் பறக்கும்போதே பொரிந்து விழுந்தது, றோட்டுத் தார் உருகி என் ஒற்றைச் செருப்பு இன்னும் பரந்தன் சந்தியில் ஒட்டிக்கிடக்கிறது. ஒருநாள் கரண்டும் நின்றுவிட, வீரகத்தி கயிறு இரவல் கேட்கிற சாட்டில் உன் வீட்டுக்குள் போனவன் வெளியே வரவில்லை. தேடிப்போனால் வெறும் நிலத்தில் கிடந்துகொண்டு, "அண்ணை, போர்வை ஏதும் இருக்கோ" என்கிறான். கீழ் யன்னலால் காற்று வருகிறது, உச்சியில் மழைமூடியோடு நீ வைத்த சின்னத் துவாரத்தால் சூடு போகிறது, பேன் சுழலவில்லை, கரண்ட் இல்லை, குசினியில் வைத்த தேங்காய் எண்ணெய் போத்தலோடு உறைந்துபோனது. அடுத்த நாள் அவன் குடும்பம், பிறகு ஒழுங்கைச் சனம் முழுக்க. மாதர் சங்கக் கூட்டம் அங்கே நடந்தது, ஒரு கலியாணப் பேச்சும் அங்கேயே முற்றாகியது. சனம் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தது, "இது எங்கட மண்தானோ, இந்த மண்ணோ இப்பிடி நிக்குது" என்று ஆளுக்காள் கேட்டது. கௌதாரிமுனையில் இருந்து வந்த ஒரு பெரியவர் கோயிலுக்குள் போவதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டு, நடுவில் நின்று வளைவை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார், போகும்போது என் கையைப் பிடித்துவிட்டுப் போனார். உன் கையைப் பிடிக்கவேண்டிய கை அது, நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஊர் எங்கள் வீட்டுக்குள் குளிரில் படுத்திருக்க, வீட்டுக்காரர் நாங்கள் இரண்டு பேரும் தகரக் கொட்டிலுக்குள் பிட்டு மாதிரி அவிந்தோம். அவர் இல்லாமல் நான் எப்படி உள்ளே போய்ப் படுப்பது? வந்த சனத்துக்குத் தேத்தண்ணீர் கொடுக்கக்கூடச் சின்னம்மா உள்ளே போகவில்லை, யன்னலால் கையை நீட்டி ஒவ்வொரு கோப்பையாகக் கொடுத்தார். மாதர் சங்கத் தலைவி மார்கிறட் அந்தக் கையைப் பிடித்து, "உள்ளுக்கு வாங்கோ அக்கா, சொர்க்கம்" என்று இழுக்க, "சொர்க்கத்தில நீங்கள் இருங்கோ, எனக்கு வேலை கிடக்கு" என்று உதறிவிட்டுப் போனார்.

இனி ஆட்டின் வரலாறு, எழும்பி நின்று வாசி. வைகாசியில் சோளகக் காற்று அடித்து ஊரில் புல்லென்று ஒன்றும் இல்லாமல் காய்ந்தபோது எங்கள் கூரை மட்டும் பச்சையாக நின்றது. சனம் கைகால் கழுவின தண்ணீரை நீ பூட்டுவித்த சின்ன மோட்டர் வெயிலைத் தின்றுகொண்டு மேலே ஏற்றியபடி இருந்தது. வீரகத்தியின் கிடாய், யானைக்கன்று அளவு, கொம்பு இரண்டும் ரெலிபோன் கோபுரம், அந்த மண்சரிவால் ராசா மாதிரி நடந்து ஏறி வீட்டு உச்சியில் நின்று மேயத் தொடங்கியது. பஸ் நின்றது, சனம் இறங்கியது. "அக்கா, உங்கட முகட்டில என்ர ஆட்டுக்கு விருந்து" என்று வீரகத்தி வயிற்றைப் பிடித்துச் சிரித்தான். சின்னம்மா எதையும் பொறுப்பார், தன் வளவுக்குள் பிறர் ஆடு வாய்வைப்பதைப் பொறுக்கமாட்டார். விளக்குமாற்றை எடுத்தார், சேலையை இடுப்பில் செருகினார், சரிவால் ஓடி ஏறிக் கிடாயைக் கிளிநொச்சி மாவட்ட எல்லை தாண்டக் கலைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதுதான் தான் எங்கே நிற்கிறார் என்று அவருக்கே தெரிந்தது. "இஞ்சேரும், மெல்ல இறங்கி வாரும்" என்று கீழே நின்று கெஞ்சினேன். அவர் இறங்கவில்லை. வயலையும் பனைகளையும் பார்த்தார், அப்பால் வெயிலில் தகடுமாதிரிக் கிடந்த கடல்நீரேரியைப் பார்த்தார், சேலைத் தலைப்பைக் காற்று கொடிமாதிரிப் பிடித்துக்கொண்டது. பிறகு குனிந்து ஒரு பிடி மண் எடுத்து உதிர்த்துப் பார்த்தார், மணந்தும் பார்த்தார். "இஞ்சருங்கோ, தலைக்கு மேல கிடந்தாத்தான் இது பங்கர். காலுக்குக் கீழ கிடந்தாக் காணி. இதில கீரை போடலாம்" என்றார். பஸ்ஸில் வந்த சனம் கைதட்டியது.

இப்போது கூரையில் கீரையும் வெங்காயமும் பச்சைமிளகாயும் நிற்கின்றன, அந்த மிளகாயைக் கடித்த கொண்டக்டர் யாழ்ப்பாணம் போய்ச் சேருமட்டும் வாயை மூடாமல் போனான், திரும்பி வரும்போது "கீரை வீட்டடி இறக்கம்" என்று பெயரையும் மாற்றிவிட்டான். ஆனால் மகள், அவர் வீட்டுக்கு மேலேதான் போனார், உள்ளே போகவில்லை. போன கிழமை ஒரு மத்தியானம் களை பிடுங்கிவிட்டு இறங்கியவர் வெயில் தாங்காமல் வாசல்படியில் இருந்தார். பிறகு கொஞ்சம் சாய்ந்தார். பார்த்தால் முதுகு உள்ளே குளிர் நிலத்தில், கால் இரண்டும் வெளியே வெயிலில், கண் மூடிவிட்டது. நான் ஓடிப்போய்க் காற்று அறைந்து சாத்திவிடாமல் கதவுக்குக் குறுக்கே இருந்துகொண்டேன், வந்த சனத்தை வாயில் விரல் வைத்துத் துரத்தினேன், வீரகத்திகூடச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பூனைமாதிரிப் போனான். எழும்பினவர் பயப்படவில்லை, படுத்தபடியே வளைவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பிள்ளையைக் கேளுங்கோ, இதில ஒரு கண்ணாடி வைக்கேலாதோ? படுத்துக் கிடந்தா வானம் தெரியவேணும். வானம் தெரிஞ்சா நான் இருப்பன்" என்றார்.

இதற்காகத்தான் இந்த நீட்டுக் கடிதம். சூசைப்பிள்ளையைக் கேட்டேன், ஒரு கல்லைத் தொட்டால் மற்றக் கல்லெல்லாம் கோவிக்கும், அந்தப் பிள்ளை சொல்லாமல் உளி வைக்கமாட்டேன் என்கிறான். எந்த இடத்தில் வெட்டலாம், எவ்வளவு வெட்டலாம் என்று கீறி அனுப்பு, சித்தப்பாவின் புளுகில் ஒன்று என்று நினைத்து விட்டுவிடாதே. இந்த முறை எது பெயின்ற், எது புல்லு, எது கண்ணாடி என்று தமிழில் எழுதிவிடு. தைக்கு முன்னம் முடிந்தால் பொங்கலுக்கு நீ வந்து உன் கையால் பால் காய்ச்சலாம். பனிக்குள் தலை ஈரத்தோடு வெளியே போகாதே, அந்த ஊர் மீனை மட்டும் தின்று கிடக்காமல் சோறும் சாப்பிடு, மாமியைச் சுகம் கேட்டதாகச் சொல். நீ நினைத்ததெல்லாம் நின்று நிலைக்க, அந்தக் கூரைமாதிரி ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்க, எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதம்.

தொடக்கத்தில் பண்ணின சத்தியத்தைக் காப்பாற்ற வேண்டும். எண்ணெய் உறையவில்லை, காகம் பொரியவில்லை, கிடாய் வெறும் கிடாய்தான், சூசைப்பிள்ளையின் மீசை வரும்போதே நரை. ஒன்றையும் நம்பாதே. ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்மை. அன்று மத்தியானம் நான் கதவடியில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, உன் சின்னம்மா நித்திரைக்குள்ளேயே வெளியே கிடந்த ஒரு காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார். மற்றக் கால் உனக்காக வெளியே நிற்கிறது.

என்றும் உன்,
சித்தப்பா சிற்றம்பலம்
கீரை வீட்டடி, பூநகரி.